கடல் செத்தால்தான் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் கரையொதுங்கிய ஒரு திமிங்கலத்தின் படத்தை நாலு பத்தி அகலத்துக்குப் போட்டிருந்தீர்கள். சுற்றிலும் கூட்டம், கூட்டத்தில் பாதிப் பேர் கையில் செல்போன், ஒருவர் அதன் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறார். கீழே ஆறு வரிச் செய்தி. நீளம் இத்தனை அடி, எடை இத்தனை டன், பொதுமக்கள் ஆர்வத்துடன் பார்த்துச் சென்றனர், பொக்லைன் வைத்துக் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. அவ்வளவுதான். என்ன வகைத் திமிங்கலம், ஆணா பெண்ணா, எதனால் செத்தது, யாராவது அறுத்துப் பார்த்தார்களா, ஒன்றும் இல்லை. மறுநாள் தேடினேன், அதற்கும் மறுநாள் தேடினேன். திமிங்கலத்தோடு சேர்த்துச் செய்தியையும் புதைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உங்கள் நிருபரைக் குறை சொல்லவில்லை. எந்த ஊர்ப் பத்திரிகையை எடுத்தாலும் இதே கதைதான். உள்ளே இருப்பது செத்துக் கரைக்கு வந்தால் செய்தி, கப்பல் கவிழ்ந்து எண்ணெய் கொட்டினால் செய்தி, அலை ஊருக்குள் புகுந்தால் செய்தி. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம், சரி, அதற்காகக் கடல் என்றாலே இரங்கல் குறிப்பு மட்டும்தான் எழுதுவோம் என்றால் எப்படி? உயிரோடு இருக்கிற கடலுக்கு ஒரு பத்தி கிடையாதா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் விஞ்ஞானி இல்லை, கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போனவன், கடலைப் பற்றிப் படிக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. கடிதம் நீளமாகத்தான் போகும், வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எண்களை வெட்டிவிடாதீர்கள்.

அந்தத் திமிங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். அது கரைக்கு வராமல் நடுக்கடலில் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெல்ல மூழ்கி, வெளிச்சம் என்பதே எட்டாத இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் சேற்றின் மேல் போய்ப் படுத்திருக்கும். அந்த ஆழத்தில் இரை என்பது மேலிருந்து தூசி போல விழுந்துகொண்டே இருக்கும் துணுக்குகள்தான், அதற்கே அடிதடி. அப்படிப்பட்ட இடத்தில் முப்பது நாற்பது டன் மொத்தமாக வந்து இறங்குகிறது. முதலில் சுறாக்களும், விலாங்கு போல நெளியும் ஹேக் மீன்களும் சதையைத் தின்ன வரும், அது தீரவே மாதக்கணக்கில் ஆகும், உடல் பெரிதென்றால் வருடமும் தாண்டும். அப்புறம் சுற்றியுள்ள சேற்றில் ஊறிப்போன கொழுப்புக்குப் புழுக்கள் மொய்க்கும். அதற்கும் அப்புறம் எலும்புக்குள்ளே இருக்கும் கொழுப்பை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வெளியாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நம்பியே ஒரு சிப்பிக் கூட்டம் பல பத்தாண்டுகள் குடியிருக்கும். 1987ல் கலிபோர்னியாவுக்கு அப்பால் ஆழ்கடலில் இறங்கிய கிரெய்க் ஸ்மித் என்கிற கடல் ஆய்வாளரின் குழுவினர் எதையோ தேடப் போய்த் தற்செயலாகத்தான் இப்படி ஒரு எலும்புக்கூட்டைக் கண்டார்கள். 2002ல் மான்டெரே விரிகுடாவின் ஆழத்தில் எலும்பை மட்டுமே தின்று வாழும் ஒரு புழு கிடைத்தது. வாய் இல்லை, குடல் இல்லை, செடி மாதிரி எலும்புக்குள் வேர் விடுகிறது. எலும்பின் மேல் சிவப்பாகப் பூத்து ஆடுவதெல்லாம் பெண், ஆண்கள் கண்ணுக்கே தெரியாத அளவில் அவளுடைய குழாய்க்குள்ளேயே கும்பலாகக் காலம் தள்ளுகின்றன. இப்படி ஒரு குடித்தனம் உலகத்தில் நடக்கிறது என்பதே 2002க்கு முன்னால் யாருக்கும் தெரியாது.

கடலில் செத்தால் அது பல தலைமுறைக்குச் சோறு, கரையில் செத்தால் பொக்லைன் வேலை. நாம் பார்ப்பது இரண்டாவதை மட்டும்.

திமிங்கலம் என்றால் இன்னொரு செய்தியும் உண்டு, அதையும் யாரும் முதல் பக்கத்தில் போடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்களைக் கொன்றிருக்கிறார்கள். எண்ணெய்க்கும் மார்கரினுக்கும் சோப்புக்கும். சர்வதேச திமிங்கல வேட்டை ஆணையம் 1982ல் வாக்கெடுத்து, 1986 முதல் வணிக வேட்டைக்குத் தடை வந்தது. தென் அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் 1950களில் 450 அளவுக்குக் குறைந்திருந்தவை; 2019ல் வந்த கணக்கின்படி அவை சுமார் 25,000. விட்டுவிட்டோம், பெருகின. வேறு மாயமந்திரம் எதுவும் இல்லை. எல்லா இனமும் இப்படி மீளவில்லை, வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் கப்பலில் அடிபட்டும் கயிற்றில் சிக்கியும் இன்னும் நானூறைக்கூடத் தொட முடியாமல் தத்தளிக்கிறது. ஆனாலும் 450 எங்கே, 25,000 எங்கே. ஒரு பிணத்துக்கு நாலு பத்தி கொடுத்த உங்கள் பத்திரிகை இந்த இருபத்தையாயிரம் உயிர்களுக்கு ஒரு வரி கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

தினமும் நடப்பது செய்தி இல்லை என்பீர்கள். பூமியிலேயே பெரிய இடப்பெயர்ச்சி எது தெரியுமா? காட்டெருமைக் கூட்டமோ பறவைக் கூட்டமோ இல்லை. ஒவ்வொரு நாளும் பொழுது சாயும் நேரத்தில் எல்லாக் கடல்களிலும் பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து மீனும் இறாலும் கணவாயும் விரல் நகம் அளவுகூட இல்லாத நண்டின உயிர்களுமாகக் கோடானுகோடி மேலே ஏறி வருகின்றன, ராத்திரி முழுக்க மேய்கின்றன, விடிவதற்குள் கீழே போய் ஒளிந்துகொள்கின்றன. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவி வைத்து ஆழம் பார்த்தவர்களுக்கு வரைபடத்தில் இல்லாத ஒரு தரை தெரிந்தது. அதைவிட விசித்திரம், அந்தத் தரை ராத்திரியானால் மேலே வந்தது. தரை எங்காவது எழுந்து நடக்குமா? அது தரை இல்லை, உயிர்கள் என்று 1945ல் மார்ட்டின் ஜான்சன் என்கிற கடல் உயிரியலாளர் கண்டு சொன்னார். ஒலியலையையே திருப்பி அனுப்பும் அளவுக்கு அடர்த்தியான கூட்டம். மேலே தின்றதைக் கீழே கொண்டுபோய்க் கழிப்பதால், காற்றிலிருந்து கடல் உறிஞ்சிய கரியமில வாயுவின் கரியில் ஒரு பகுதியை இவை தினமும் சுமந்துகொண்டுபோய் ஆழத்தில் இறக்குகின்றன. சம்பளம் கேட்காத சுமைதூக்கிகள். நீங்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கிற நேரத்தில்கூட எங்கோ ஒரு கடலில் பொழுது சாய்ந்து அவை ஏறிக்கொண்டிருக்கும்.

சரி, வெயிலுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் உங்களிடம் நேரடியாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வானிலைப் பகுதியில் தினமும் ஊர் ஊராக அதிகபட்ச வெப்பம் போடுகிறீர்கள். கடலின் வெப்பத்தை ஒருநாள்கூடப் போட்டதில்லை. நாம் வெளிவிட்ட வாயுக்கள் பூமியில் பிடித்து வைத்திருக்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்திருப்பது கடலில்தான். காற்றுக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. அந்த மிச்சத்தை அளந்து தினமும் அச்சடிக்கிறோம், மொத்தத்தைக் கண்டுகொள்வதே இல்லை. 2023 மே தொடங்கி 2024 மே வரை, உலகக் கடற்பரப்பின் சராசரி வெப்பம் ஒவ்வொரு நாளும், ஒரு நாள் விடாமல், அந்தத் தேதிக்கான பழைய உச்சத்தைத் தாண்டியது. கிரிக்கெட்டில் ஒருவர் முந்நூற்று அறுபத்தைந்து ஆட்டம் தொடர்ந்து சாதனையை முறியடித்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

ஒரு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு: நமக்கு 37 டிகிரி சாதாரணம், 38 என்றால் காய்ச்சல், அது நாலு வாரம் இறங்காவிட்டால்? பவளத்துக்கு அதுதான் நடக்கிறது. கல்லூரியில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பவள எலும்புக்கூடு இருந்தது, தூசி படிந்து, ஓரம் உடைந்து, மேசைமேல் காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் வேறு வேலை இல்லாமல் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெறும் சொரசொரப்பு என்று நினைத்தது அத்தனையும் சின்னச் சின்னக் கிண்ணம். எள் அளவில் ஒவ்வொன்றும், ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி மெல்லிய சுவர்கள் நடுவை நோக்கி. எண்ணிப் பார்த்தால் ஆறின் மடங்கில் வந்தன. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு உயிர் உட்கார்ந்திருந்திருக்கிறது. வாயைச் சுற்றிக் கையை நீட்டிக்கொண்டு, தனக்குக் கீழே தானே சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு. அதன் தோலுக்குள்ளே குடியிருந்த நுண்பாசிதான் அதற்குச் சமைத்துப் போட்டது, தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை அந்தப் பாசி தருவதுதான், பவளத்துக்கு நிறமும் அதனால் வருவதே. உள்ளங்கையில் ஒரு நகரத்தை வைத்துக்கொண்டு அதைக் காகிதத்தின் மேல் வைக்கிற கல் என்று நினைத்திருந்தோம்.

வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது நாலு வாரம் நீடித்தால் பாசி விஷமாகத் தொடங்குகிறது, பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெள்ளை எலும்பு உள்ளிருந்து தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறார்கள். இங்கே உங்கள் உதவி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள், 'பவளப்பாறைகள் வெளிறின' என்று செய்தி வந்தால் 'அழிந்தன' என்று தலைப்பு வைக்காதீர்கள். வெளிறிய பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும், பிழைத்துவிடும். எட்டு வாரம் அதே சூடு நீடித்தால்தான் பெரிய அளவில் சாவு. பிழைக்க வாய்ப்பிருக்கும் நோயாளிக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிற வேலையை நாம் செய்யக்கூடாது. ஒட்டிவிட்டால் படிப்பவர் 'எல்லாம் முடிந்தது' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார், அது பொய்யும்கூட.

ஆனால் நோய் முற்றுகிறது என்பது உண்மை. உலகளாவிய வெளிறல் என்று இதுவரை நாலு பதிவாகியிருக்கிறது. 1998ல் உலகப் பவளத் திட்டுப் பரப்பில் 21 சதவீதம் வெளிற வைக்கும் அளவு சூட்டைக் கண்டது, 2010ல் 37, 2014 முதல் 2017 வரையிலான மூன்றாவதில் 68, 2023ல் தொடங்கிய நாலாவதில் 84. இந்த நாலு எண்ணையும் ஒரு கட்டத்துக்குள் போட்டாலே போதும், பக்கத்தில் ஒரு வார்த்தை எழுத வேண்டாம். அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனம் வைத்திருந்த எச்சரிக்கை அட்டவணையில் மேல்படி இரண்டோடு முடிந்திருந்தது, சூடு அதைத் தாண்டிப் போனதால் மூன்று, நாலு, ஐந்து என்று புதுப் படிகள் சேர்க்க வேண்டி வந்தது. அளவுகோல் போதாமல் அளவுகோலை நீட்டியிருக்கிறார்கள்.

பவளம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் 2018, 2019ல் வந்த வெப்ப அலைக்குப் பிறகு பனி நண்டுகள் ஆயிரம் கோடிக்கும் மேல் காணாமல் போயின. எங்காவது நகர்ந்திருக்கும் என்றுதான் முதலில் தேடினார்கள். ஆய்வு செய்து பார்த்தால், தண்ணீரின் சூடு நேரடியாக நண்டைக் கொல்லவில்லை; சூடு கூடியதில் உடல் அதிகம் எரிந்து பசி கூடிவிட்டது, இரை கூடவில்லை. பெருங்கூட்டமாகப் பட்டினியில் செத்திருக்கின்றன. 2022ல் அலாஸ்காவில் அந்த நண்டுப் பிடிப்பையே வரலாற்றில் முதல்முறையாக மூடினார்கள். ஆமைக்கு வேறு விதமான தண்டனை. முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது, 29 டிகிரியை ஒட்டி அந்தக் கோடு இருக்கிறது, அதற்கு மேலே போகப் போகப் பெண். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடக்கில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018ல் வெளியிட்டதில், இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். இன்னும் சில பத்தாண்டு கழித்து அவை முட்டையிட வரும்போது மாப்பிள்ளைக்கு எங்கே போவது? இதில் பிணம் இல்லை, ரத்தம் இல்லை, படம் எடுக்கவும் ஒன்றும் இல்லை, கரையில் ஆரோக்கியமான ஆமைக்குஞ்சுகள் ஓடுகின்றன. அதனால் செய்தி இல்லை.

பேச்சுவாக்கில் இன்னும் இரண்டு திருத்தங்கள். பசிபிக்கில் 'பிளாஸ்டிக் தீவு' மிதக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள், ஒருமுறை உங்கள் ஞாயிறு இணைப்பில் அதன் மேல் ஆள் நிற்கிற மாதிரி ஓவியமே போட்டிருந்தீர்கள். தீவெல்லாம் இல்லை. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் சிதறிக்கிடக்கும் துகள், கப்பலில் போனால் பல இடங்களில் வெறும் நீலத் தண்ணீர்தான் தெரியும். அதுதான் கஷ்டமே, தீவாக இருந்தால் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். 2018ல் எடை போட்டுப் பார்த்ததில் அதில் 46 சதவீதம் மீன்வலை, உறிஞ்சுகுழல் இல்லை. இன்னொன்று, நாம் விடும் ஒவ்வொரு இரண்டாவது மூச்சும் கடல் தந்தது என்கிற வாசகம். கேட்க அழகாக இருக்கிறது. உலகத்து ஒளிச்சேர்க்கையில் பாதியளவு கடலில் நடக்கிறது என்பது சரி, 1980களின் பிற்பகுதிவரை யாருமே பார்த்திராத புரோகுளோரோகாக்கஸ் என்கிற நுண்ணுயிருக்கு அதில் பெரிய பங்கு உண்டு, ஒரு சொட்டுத் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுசாக அங்கேயே இருக்கிற உயிர்கள் செலவழித்துவிடுகின்றன. நாம் மூச்சு விடுவது கோடிக்கணக்கான வருடம் சேர்த்து வைத்த இருப்பிலிருந்து. கடலைக் காப்பாற்றச் சொல்வதற்கு உண்மையே போதும், அதற்கு ஜோடனை வேண்டாம்.

இப்போது படங்களைப் பற்றி. நீங்கள் படத்துக்கு மதிப்புக் கொடுப்பவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கீ வெஸ்ட் துறைமுகத்தில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தூண்டில் போட வைத்து, திரும்பி வந்ததும் பிடித்த மீன்களைப் பலகையில் தொங்கவிட்டுக் குடும்பத்தோடு படம் எடுப்பார்கள். லோரன் மெக்லெனஹன் என்கிற ஆய்வாளர் 1956 முதல் 2007 வரையிலான அந்தப் படங்களைத் தேடியெடுத்து, தொங்குகிற மீன்களை அளந்தார். பழைய படங்களில் மீன்கள் ஆளைவிடப் பெரிசு, குழந்தைகளை அவற்றின் வாய்க்குள்ளேயே உட்கார வைத்துவிடலாம். சராசரி எடை கிட்டத்தட்ட 20 கிலோ. 2007ல் அது 2.3 கிலோ. கையகல மீன் தொங்குகிறது. மாறாதது ஒன்றுதான், பக்கத்தில் நிற்பவர்களின் சிரிப்பு. 1956ல் எவ்வளவு பெருமையாகச் சிரித்தார்களோ அதே பெருமை 2007லும். அவர்களுக்கு அதுதான் பெரிய மீன், அதற்கு முன்னால் இருந்ததை அவர்கள் பார்த்ததில்லை.

இதை டேனியல் பாலி என்கிற மீனியல் அறிஞர் 1995லேயே எழுதிவிட்டார். ஒவ்வொரு தலைமுறையும் தன் சிறு வயதில் கண்ட கடலையே முழுக்கடல் என்று எடுத்துக்கொள்கிறது, அங்கிருந்து குறைந்ததை மட்டும் குறைவு என்கிறது. தாத்தா கணக்கில் பாதி, அப்பா கணக்கில் அதில் பாதி, நம் கணக்கு அதிலிருந்து ஆரம்பம். நஷ்டக் கணக்கே எழுதாமல் கடையை நடத்துகிற மாதிரி.

கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு என்பார்கள். கொக்கைப் பார்த்துச் சிரிக்கிறோம், கடல் வற்றுமா என்ன என்று. வற்றாது, ஆனால் வற்றாமலேயே காலியாகும். 1497ல் ஜான் கேபட் என்கிற மாலுமி கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து பக்கம் போனபோது, கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே காட் என்கிற மீன் ஏறியதாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1883ல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில், டார்வினுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வாதாடிய அதே தாமஸ் ஹக்ஸ்லி, காட் போன்ற பெரிய மீன்வளங்கள் தீரவே தீராது, மனிதன் செய்வது எதுவும் எண்ணிக்கையைப் பெரிதாகப் பாதிக்காது என்று பேசினார். முட்டாள் பேசியதில்லை, அந்தக் காலத்தின் மிகப் பெரிய மூளைகளில் ஒன்று பேசியது. அவர் பார்த்தது பாய்மரமும் தூண்டிலும். அப்புறம் வந்தது கடலிலேயே மீனை வெட்டி உறைய வைக்கும் ஆலைக்கப்பல். 1968ல் ஒரே வருடத்தில் 8 லட்சம் டன் அள்ளினார்கள். 1992 ஜூலை 2ஆம் தேதி கனடா அந்த மீன்பிடியை மூடியது, சுமார் 30,000 பேருக்கு ஒரே அறிவிப்பில் வேலை போயிற்று. இரண்டே வருடத்துக்குத்தான் என்று மூடியது, 2024 வரை போயிற்று. திறந்தபோது கொடுத்த அளவு 18,000 டன். ஐந்நூறு வருடம் தின்ன மீன், ஒரு தலைமுறைக்குள் தீர்ந்தது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஐஸ்லாந்துக்கு அப்பால் 2006ல் ஆய்வுக்காகப் பிடித்த ஒரு சிப்பியின் ஓட்டில் வளையங்களை எண்ணியபோது அதன் வயது 507 என்று தெரிந்தது. அது பிறந்தது 1499ல், கேபட் போய் இரண்டு வருடம் கழித்து. அத்தனை வருடமும் அது உயிரோடு சேற்றில் இருந்திருக்கிறது, பிடித்ததில் செத்துவிட்டது, எண்ணியது அதற்கப்புறம்தான். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பார்த்தீர்களா, இங்கேயும் செத்த பிறகுதான்.

காட் விவகாரத்தில் பொதுவாக யாரும் கவனிக்காத ஒரு விஷயம் தாய்மீன். குஞ்சுமீனை விட்டுவிடு, பெரிய மீனைப் பிடி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் நம்மைப் போல இல்லை, வயதாக வயதாக முட்டை கூடிக்கொண்டே போகும். 2018ல் வந்த ஓர் ஆய்வின்படி 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட், 2 கிலோ எடையுள்ள 28 பெண் மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் முட்டையிடும். அந்த 28ன் மொத்த எடை 56 கிலோ. அந்த ஒரு கிழவியைத் தூக்கினால் ஒரு பட்டாளத்தையே தூக்கிய கணக்கு. படத்தில் தொங்கவிட்டுச் சிரிக்கிற மீனும் அதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு, என்னதான் வழி என்று கேட்பது நியாயம். விட்டுவைத்தால் வரும், பல இடங்களில் வந்தும் இருக்கிறது. நியூசிலாந்தில் கோட் ஐலேண்ட் பக்கத்துக் கடலில் ஐந்து சதுர கிலோமீட்டர் சொச்சத்தை 1975ல் 'இங்கே எதையும் எடுக்கக்கூடாது' என்று அறிவித்தார்கள். அதற்காகப் பல வருடம் மன்றாடியவர் பில் பாலன்டைன் என்கிற உயிரியலாளர், அப்போது உள்ளூரிலேயே அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் கடலடியில் பாறை மொட்டையாக இருந்தது, மேலே கடல் முள்ளெலிகள் மட்டும், உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக இருக்கும் கடலுயிர் அது. பெரிய மீனையும் கல்லிறாலையும் பிடித்துத் தீர்த்ததால், அவற்றுக்கு இரையாக வேண்டிய முள்ளெலி பெருகி, கடற்பாசிக் காட்டை வேரோடு மேய்ந்துவிட்டிருந்தது. பிடிப்பதை நிறுத்தினார்கள். மீன் வந்தது, கல்லிறால் வந்தது, முள்ளெலி குறைந்தது, பத்து இருபது வருடத்தில் ஆள் உயரப் பாசிக்காடு திரும்ப எழுந்தது. யாரும் நடவில்லை. மெக்சிகோவில் கபோ புல்மோவில் 1995ல் காப்பகம் வந்தது, அங்கே கேட்டவர்களே மீனவக் குடும்பங்கள்தான். 1999க்கும் 2009க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. மேலிருந்து எவரோ வரைபடத்தில் கோடு போட்டு, நேற்றுவரை அங்கே வலை போட்டவனை இன்று குற்றவாளியாக்கும் காப்பகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை, அவை பெரும்பாலும் நிலைப்பதும் இல்லை. கபோ புல்மோவுக்கும் மற்றதுக்கும் அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

காகிதத்துக் காப்பகங்கள் தனிக்கதை. 2030க்குள் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாப்போம் என்று 2022 டிசம்பரில் மான்ட்ரியாலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இப்போது அறிவிப்பு அளவில் இருப்பது பத்தில் ஒரு பங்கைத் தொட்டும் தொடாமலும். உண்மையிலேயே கெடுபிடியோடு காப்பது மூன்று சதவீதத்தை ஒட்டித்தான். மீதியில் பல இடங்களில் அடிமட்ட இழுவலை போடுவதுகூடச் சட்டப்படி சரி. கோயிலென்று பலகை மாட்டிவிட்டு உள்ளே புல்டோசர் விடுகிற மாதிரி. இன்னொரு பக்கம், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடல், அதாவது கடல்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கென்று ஏறக்குறைய இருபது வருடம் பேசிப் பேசி ஒரு ஒப்பந்தம் 2023 ஜூனில் நிறைவேறி, 2025 செப்டம்பரில் 60 நாடுகளின் ஒப்புதல் சேர்ந்து, 2026 ஜனவரி 17ல் நடைமுறைக்கு வந்தது. பூமியில் கிட்டத்தட்டப் பாதிக்கு முதல்முறையாக ஒரு பாதுகாப்பு விதி. அன்றைக்கு உங்கள் முதல் பக்கத்தில் என்ன வந்தது என்று எடுத்துப் பாருங்கள், நான் சொல்லவில்லை.

வேலி போட்டால் வெப்பம் நின்றுவிடாது, அதுவும் தெரியும். பெருந்தடுப்புப் பவளத்திட்டு உலகத்திலேயே நன்றாகப் பராமரிக்கப்படும் காப்பகங்களில் ஒன்று, 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்து வெளிறிக்கொண்டேதான் இருக்கிறது. நாம் வெளிவிடும் கரியமில வாயுவைக் குறைக்காமல் காப்பகம் மட்டும் போதாது. ஆனால் காய்ச்சல்காரனைப் பட்டினியும் போட்டு அடிக்கவும் வேண்டாமே, மற்ற தொல்லைகளையாவது குறைத்தால் அது தேறுவதற்கு வாய்ப்புக் கூடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வானிலைக் கட்டத்தில் ஒரு வரி, கடல்பரப்பு வெப்பம், இந்த நாளுக்கான வழக்கத்தைவிட எவ்வளவு கூட அல்லது குறைவு. செயற்கைக்கோள் கணக்கு தினமும் இலவசமாகவே கிடைக்கிறது, எடுத்துப் போட ஒருவருக்கு ஐந்து நிமிட வேலை. அப்புறம், உங்கள் படக்கிடங்கில் எத்தனையோ வருடத்துப் பழைய மீன்பிடிப் படங்கள் கட்டாயம் இருக்கும். அதை வாரம் ஒன்றாக, எடுத்த வருடத்தோடு, பக்கத்திலேயே இப்போதைய படம் ஒன்றோடு போடுங்கள். விளக்கம் எழுத வேண்டாம், மீனை மட்டும் ஒரே அளவுகோலில் காட்டினால் போதும்.

கடைசியாக அந்தத் திமிங்கலம். புதைப்பதற்கு முன்னால் யாராவது வயிற்றைத் திறந்து பார்த்திருந்தால், திசு எடுத்து அனுப்பியிருந்தால், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். கப்பல் மோதியதா, வலை இறுக்கியதா, நோயா, வெறும் முதுமையா என்று அதில் தெரியும். நிருபரை ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். வந்த பதிலை எட்டாம் பக்கத்தின் மூலையில் போட்டாலும் தேடிப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்